பூச்சிக்கும் ரத்தத்துக்கும் கணக்குப் போட்டவர்... புவனேஸ்வரில் கண்மூடிய ஹால்டேன்!

பரிணாமம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நாலு காலில் போகும் குரங்கு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கடைசியில் மனிதனாக நடந்துபோகும் அந்தப் படம்தானே? அதைப் பார்த்துப் பார்த்து, பரிணாமம் என்பது எப்போதோ லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் நடந்து முடிந்த கதை என்று பலரும் முடிவு கட்டிவிட்டோம்.

அது இப்போதும் நடக்கிறது. மரத்தில் உட்காரும் பூச்சியிடம் நடக்கிறது, நம் உடம்பில் ஓடும் ரத்தத்தில் நடக்கிறது. அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜே.பி.எஸ்.ஹால்டேன். ஆங்கிலேயராகப் பிறந்து, இந்தியக் குடிமகனாக இறந்தவர். வேட்டி, குர்தாவோடு கொல்கத்தாவிலும் புவனேஸ்வரிலும் வாழ்ந்தவர். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இயற்கைத் தேர்வு என்றால் என்ன என்பதும் கூடவே புரிந்துவிடும்.

சுரங்கத்தில் ஒரு பாடம்

1892 நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார் ஹால்டேன். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சு பற்றி ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு கசிந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள, சின்னஞ்சிறு கேனரி பறவையைக் கூண்டில் எடுத்துப்போகும் வழக்கம் வந்ததே, அதற்கு யோசனை சொன்னவர் இவர்தான்.

பையனுக்கும் பாடம் சுரங்கத்தில்தான். ஒருமுறை சுரங்கத்துக்குள் மகனை நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு நீண்ட வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார் அப்பா. பாதி வசனம் தாண்டுவதற்குள் பையனுக்கு மூச்சு வாங்கியது. கால் மடங்கித் தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் மூச்சு சீரானது! அங்கே மீத்தேன் வாயு இருந்தது. அது காற்றைவிட லேசானது என்பதால் மேலே தேங்கி நிற்கும், தரைக்கு அருகே நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தை ஆயுசுக்கும் மறக்க முடியுமா?

வீட்டிலும் இதே கதைதான். அண்ணனும் தங்கை நவோமியும் தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் கினிப்பன்றிகளை வளர்த்தார்கள். எந்த நிறக் குட்டி எந்த ஜோடிக்குப் பிறக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். பிற்பாடு எலிகளை வைத்துச் செய்த ஆய்வு 1915-ல் ஆய்விதழில் வந்தது. பாலூட்டிகளில் சில மரபணுக்கள் ஜோடியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்று காட்டிய முதல் கட்டுரை அது. அதில் மூன்று பெயர்கள் இருந்தன: அண்ணன், தங்கை, ஸ்ப்ரன்ட் என்ற நண்பர். முதல் உலகப் போரில் அந்த நண்பர் உயிரை விட்டார். ஹால்டேனும் ராணுவத்தில்தான் இருந்தார். பிரான்ஸில் ஒருமுறை, ஈராக்கில் ஒருமுறை காயம்பட்டார். குணமாவதற்காக அவரை அனுப்பிய இடம் இந்தியா. இந்த நாட்டோடு ஒட்டுதல் ஏற்பட்டது அப்போதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. ஹால்டேன் கல்லூரியில் படித்தது கணக்கும், கிரேக்க - லத்தீன் இலக்கியமும் தத்துவமும். அறிவியலில் அவருக்குப் பட்டமே கிடையாது!

பூச்சி ஏன் கறுத்தது?

1923-ல் கேம்பிரிட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷமே, இயற்கைத் தேர்வைக் கணக்காக மாற்றும் கட்டுரை வரிசையைத் தொடங்கினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஓர் அந்துப்பூச்சி.

வெள்ளை இறக்கையில் மிளகுத்தூள் தூவியது மாதிரி இருக்கும் இந்தப் பூச்சி, பகலில் மரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். 1848-ல் மான்செஸ்டரில் இதே இனத்தில் ஒரு கறுப்புப் பூச்சி கிடைத்தது. அப்போது அது அபூர்வம். தொழிற்சாலைகள் பெருகின, கரிப்புகை மரங்களில் படிந்தது. 50 வருஷத்தில் அந்த ஊரில் ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளுமே கறுப்பாகிவிட்டன.

இங்கேதான் நாம் தப்பாகப் புரிந்துகொள்வோம். புகை பட்டுப் பூச்சி கறுத்துவிடவில்லை. வெள்ளையாகப் பிறந்த பூச்சி வெள்ளையாகவே செத்தது. கறுப்பாகப் பிறந்தது கறுப்பாகவே செத்தது. எந்தப் பூச்சியும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை, மாறியது கூட்டம். கரி படிந்த மரத்தில் வெள்ளைப் பூச்சி பளிச்சென்று தெரியும், பறவைக்கு அது சுலபமான சாப்பாடு. கறுப்புப் பூச்சி கண்ணில் படாமல் தப்பித்து முட்டையிடும். அந்த முட்டையிலிருந்து வருவதும் பெரும்பாலும் கறுப்பு. இதுதான் இயற்கைத் தேர்வு. தேர்வு செய்ய யாரும் மேலே உட்கார்ந்திருக்கவில்லை. இதற்கு மூன்றே விஷயங்கள் போதும்: கூட்டத்துக்குள் வித்தியாசம் இருக்க வேண்டும், அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குப் போக வேண்டும், அதனால் சிலர் மற்றவர்களைவிட அதிக வாரிசுகளை விட்டுச்செல்ல வேண்டும்.

ஹால்டேன் கேட்ட கேள்வி வேறு. வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்றால், மொத்தம் 50 தலைமுறைதான். அதற்குள் 100-ல் 1 என்று இருந்தது 100-ல் 99 ஆக வேண்டுமானால், கறுப்புக்கு எவ்வளவு சாதகம் இருந்திருக்க வேண்டும்? விடை, சுமார் 50%. அதாவது வெள்ளை 2 வாரிசு விட்டுச்சென்றால் கறுப்பு 3 விட்டுச்சென்றிருக்க வேண்டும். இயற்கைத் தேர்வு ஆமை வேகத்தில்தான் நடக்கும் என்று நினைத்திருந்த காலத்தில் இது நம்ப முடியாத அளவு பெரிய எண். 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் இந்தப் பூச்சிகளைக் காட்டில் விட்டு, பறவைகள் கொத்துவதை நேரிலேயே கண்காணித்த பிறகுதான் கணக்கு களத்தில் நிரூபணமானது. 1956-ல் பிரிட்டனில் காற்று மாசைத் தடுக்கும் சட்டம் வந்தது. மரங்கள் மெல்லச் சுத்தமாயின. கறுப்புப் பூச்சிகள் குறைந்து, வெள்ளை திரும்பிவிட்டது.

பாருங்கள், கறுப்பு உசத்தியா, வெள்ளை உசத்தியா? எந்த மரம், எந்த வருஷம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஃபிட்னஸ் என்றால் நமக்கு ஜிம்மும் சிக்ஸ்பேக்கும் ஞாபகம் வரும். பரிணாமத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இந்த இடத்தில், இந்த நேரத்தில் எத்தனை வாரிசு மிஞ்சியது என்பது மட்டும்தான்.

வங்கி வட்டி மாதிரி

50% சாதகம் என்பது பெரிது. வெறும் 1% என்றால்? இது கூட்டு வட்டி மாதிரிதான். தாயிடமிருந்து அப்படியே நகலாகும் ஓர் உயிரினத்தை எடுத்துக்கொள்வோம். தலைமுறைக்கு 1% சாதகம் உள்ள ஒரு குணம், 100-ல் 1-ஆக இருந்து 100-ல் 99-ஆக மாற சுமார் 900 தலைமுறை போதும். மனிதத் தலைமுறைக் கணக்கில் பார்த்தால் 20,000 வருஷங்களுக்கு மேல். ஆனால், வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் பாக்டீரியாவுக்கு? இரண்டே வாரத்துக்குள் முடிந்துவிடும்!

அதிலும் ஆன்டிபயாடிக் மாத்திரை உள்ளே போனால், மருந்துக்குச் சாகாத கிருமிக்குக் கிடைப்பது 1% சாதகமா என்ன? மற்றதெல்லாம் செத்துப்போக, மைதானமே அதற்குத்தான். சளி, ஜலதோஷத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ், அதை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. உடம்பில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களில் முரண்டு பிடிப்பதை மட்டும் வடிகட்டி வளர்த்துவிடும். மான்செஸ்டர் கரிப்புகை செய்த வேலையை நம் வயிற்றுக்குள் செய்வது அந்த மாத்திரை.

முதுகெலும்பு நொறுங்கிய விஞ்ஞானி

ஹால்டேன் சாதுவான பேராசிரியர் கிடையாது. ஏற்கெனவே திருமணமான சார்லட் என்ற பத்திரிகையாளரைக் காதலித்தார். விவாகரத்து வழக்கில் அவர் பெயர் அடிபட, ஒழுக்கக் கேடு என்று சொல்லி கேம்பிரிட்ஜ் அவரை வேலையிலிருந்து நீக்கியது. மேல்முறையீடு செய்து ஜெயித்து வேலையைத் திரும்ப வாங்கினார். 1926-ல் சார்லட்டைக் கைப்பிடித்தார்.

அப்பாவைப் போலவே தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். ரத்தத்தின் அமிலத்தன்மை மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க, தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே குடித்திருக்கிறார் மனுஷர். 1939-ல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அவர்கள் ஏன் தப்ப முடியவில்லை என்று அறிய இரும்பு அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு சோதனைகள் செய்தார். ஆக்ஸிஜன் அழுத்தம் அதிகமாகி வலிப்பு வந்ததில் அவர் முதுகெலும்பில் அடிபட்டது. அந்த வலி கடைசிவரை கூடவே இருந்தது.

ஒரு சறுக்கலையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் தீவிர கம்யூனிஸ்ட், கட்சிப் பத்திரிகைக்கு வாரம் தவறாமல் அறிவியல் எழுதியவர். சோவியத் ரஷ்யாவில் ஸ்டாலின் ஆதரவோடு லைசென்கோ என்பவர் மரபணு அறிவியலையே பொய் என்று ஒழித்துக்கட்டினார். ஹால்டேனை ஒருகாலத்தில் அங்கே விருந்தினராக அழைத்த மாபெரும் தாவர விஞ்ஞானி வவிலோவ், 1943-ல் சிறையில் மடிந்தார். எல்லாம் தெரிய வந்த பிறகும், லைசென்கோவை நேரடியாகக் கண்டிக்க ஹால்டேன் தயங்கினார். பின்னர் கட்சியிலிருந்து விலகினாலும், அந்தத் தயக்கம் அவர் பெயரில் ஒரு கறையாகவே நின்றுவிட்டது.

சாகடிக்கும் மரபணு ஏன் சாகவில்லை?

இனி நம் ரத்தத்துக்கு வருவோம். ஹீமோஃபிலியா என்ற நோயில், காயம்பட்டால் ரத்தம் உறையாது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்த பையன்களில் பலர் பிள்ளை பெறும் வயதை எட்டவே மாட்டார்கள். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை இந்த மரபணு குறைந்து, என்றைக்கோ காணாமல் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லையே!

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மட்டம் குறையாமல் நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? மேலே எங்கோ குழாய் திறந்திருக்கிறது. மரபணுவில் தானாக ஏற்படும் மாற்றங்களால் புதிதாக நோய் முளைத்துக்கொண்டே இருக்கிறது என்றார் ஹால்டேன். ஒழுகும் அளவை வைத்து, குழாயில் வரும் அளவையும் 1935-ல் கணக்கிட்டார். தலைமுறைக்குச் சுமார் 50,000-ல் 1. மனித மரபணு மாற்ற வேகத்துக்குக் கிடைத்த முதல் நல்ல மதிப்பீடு இதுதான்.

ஆனால், தலசீமியா என்ற ரத்தநோய் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. மத்தியதரைக் கடல் பகுதி மக்களிடம் அது மிக அதிகம். அவ்வளவு வேகமாகக் குழாய் திறந்திருக்க வாய்ப்பில்லை. வேறு ஏதோ ஒன்று அந்த மரபணுவைக் காப்பாற்றுகிறது. ஹால்டேன் 1949-ல் ஒரு யோசனை சொன்னார்: அந்த மரபணுவை ஒரே ஒரு பிரதி வைத்திருப்பவர்களுக்கு மலேரியாவைத் தாங்கும் சக்தி இருக்கலாம்.

ஐந்தே வருஷத்தில், 1954-ல் ஆண்டனி ஆலிசன் என்ற மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறொரு ரத்தநோயில் இதையே நிரூபித்தார். அந்த நோய், அரிவாள் செல் சோகை. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு, அரிவாள் போல வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும் நோய். பொறுக்க முடியாத வலி, சோகை, அடிக்கடி தொற்று என்று வாழ்க்கையையே முடக்கிப்போடும்.

கணக்கைப் பாருங்கள். நமக்கு ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வருகிறது. இரண்டிலுமே அரிவாள் மரபணு இருந்தால் நோய். ஒன்றில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரண வாழ்க்கைதான், கூடவே குழந்தைப் பருவத்தில் உயிரைப் பறிக்கும் கடுமையான மலேரியாவிலிருந்து பெருமளவு பாதுகாப்பு. இரண்டுமே சாதாரணமாக இருந்தால் ரத்தநோய் கிடையாது, ஆனால் மலேரியாவிடம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். மலேரியா கொன்று குவித்த ஊரில் யார் அதிகம் பிழைத்திருப்பார்கள்? ஒற்றைப் பிரதிக்காரர்கள். அவர்கள் மூலமாகவே அந்த மரபணுவும் பிழைத்தது. ஒரு குழந்தையைக் காப்பாற்றுவதும் இன்னொரு குழந்தையை வதைப்பதும் அதே மரபணுதான். இயற்கைக்குக் கருணையும் தெரியாது, கொடுமையும் தெரியாது. மிஞ்சியதைத்தான் அது அடுத்த தலைமுறைக்குத் தருகிறது.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று, நம் நீலகிரி. 1952-ல் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது தெரியவந்தது. ஹால்டேன் பிற்காலத்தில் வாழ்ந்த ஒடிஷாவின் மேற்குப் பகுதியிலும் இது பரவலாக இருக்கிறது. 2023-ல் இந்த நோயை ஒழிப்பதற்கென்றே மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது.

கணவன், மனைவி இருவரிடமும் ஒற்றைப் பிரதி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. ஒருவரிடம் மட்டும் இருந்தால், குழந்தைக்கு இந்த நோய் வராது, ஒற்றைப் பிரதி மட்டும் வரலாம். தலசீமியாவுக்கும் இதே கணக்குதான். ஹீமோகுளோபின் வகையைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குடும்பத்திலோ உறவிலோ யாருக்காவது இந்த நோய்கள் இருந்தால், கல்யாணத்துக்கு முன்போ குழந்தைக்குத் திட்டமிடும் முன்போ இந்தப் பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள். ஒற்றைப் பிரதி இருப்பது குறையும் இல்லை, அவமானமும் இல்லை. உங்கள் முன்னோர் மலேரியாவிலிருந்து தப்பி வந்ததன் அடையாளம் அது.

இந்தியாவில் எண்ணியவர்

1957-ல் ஹால்டேனும் அவருடைய இரண்டாவது மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் லண்டனை விட்டுக் கிளம்பினார்கள். ஹெலனும் உயிரியல் ஆய்வாளர்தான். முந்தைய வருஷம் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் எகிப்தைத் தாக்கியதை எதிர்த்தே வெளியேறுவதாகச் சொன்னார் ஹால்டேன். கொல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அசைவத்தை விட்டார். 1961-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

இங்கே அவர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பெரிய மெஷின் இல்லையே என்று ஏங்க வேண்டாம், கண்ணெதிரே இருப்பதை எண்ணுங்கள். எஸ்.கே.ராய் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். சுரேஷ் ஜெயகர் குளவிகள் கூடு கட்டுவதைக் கவனித்தார். கிருஷ்ணா துரோணம்ராஜு, எந்த நிற உண்ணிப்பூவுக்கு எந்தப் பட்டாம்பூச்சி வருகிறது என்று குறித்தார். டி.ஏ.டேவிஸ் தென்னை மட்டைகள் இடப்பக்கம் சுற்றுகின்றனவா, வலப்பக்கமா என்று பார்த்தார். எல்லாம் உயிருள்ள கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசங்கள். அந்த வித்தியாசம் இல்லையென்றால் இயற்கைத் தேர்வுக்கு வேலையே இல்லை.

பிறகு நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் விலகி, 1962-ல் புவனேஸ்வரில் ஒடிஷா அரசின் உதவியோடு தனி ஆய்வகம் தொடங்கினார். கொஞ்ச நாளில் குடலில் புற்றுநோய். லண்டனில் அறுவை சிகிச்சைக்குப் போனவர், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே புற்றுநோயைக் கிண்டலடித்து ஒரு கவிதை எழுதினார். அறிகுறி தெரிந்ததுமே ஜனங்கள் டாக்டரிடம் போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

1964 டிசம்பர் 1 அன்று, 72 வயதில், புவனேஸ்வரில் காலமானார். உயிரோடு இருந்தவரை சோதனைக்குக் கொடுத்த உடம்பை, இறந்த பிறகும் விட்டுவைக்கவில்லை. அவர் விருப்பப்படி ஆந்திராவின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிக்க, அது அனுப்பிவைக்கப்பட்டது.

உங்கள் தெருவில் பவழமல்லி மரம் இருக்கிறதா? நாளை காலை உதிர்ந்து கிடக்கும் பூக்களில் ஒரு கைப்பிடி எடுத்து, இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் 5, இன்னொன்றில் 6, மற்றொன்றில் 7 என்று இருக்கும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் எண்ணச் சொல்லுங்கள்.